மூங்கிலோடைத் தண்ணீரில் ஒன்றுமில்லை

எங்கள் வீட்டுக் காப்பி நன்றாக இருக்கும். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, வந்து குடித்தவர்கள் சொன்னது. பால் பக்கத்து வீட்டு மாட்டுப் பால். தூள், போடி டவுன் கடைத்தெருவில் எல்லோரும் வாங்குகிற தூள். என் மனைவி முத்துப்பிரியாவின் கைப்பக்குவம் என்றுதான் ஊரில் பேச்சு. அவளும் அப்படியே நம்பினாள், நானும் நம்பவிட்டேன். உண்மையில் காரணம் தண்ணீர்.

நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். தாளும் பேனாவும் கொடுத்து, ஸ்டேஷன் மின்விசிறிக்கு நேராக உட்காரவும் வைத்தீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. பதினெட்டு வருடமாகப் பரிசோதனை அறிக்கை எழுதிப் பழகிய கை இது; அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும். நீங்கள் கேட்காத சில விஷயங்களையும் சேர்த்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள இடம் உண்டு.

என் பெயர் சிவக்குமார். வயது நாற்பத்து நான்கு. படிப்பு வேதியியலில் முதுகலை. ஊர் மூங்கிலோடை; ராசிங்காபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் நூற்றுப்பத்து வீடு. எங்களுக்கு மேலே மலை முழுக்க ஏலத்தோட்டம். தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் அது ஓடையில் இறங்கும். ஓடைக்கரையில் ஊர்க் கிணறு. கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு வரும். காலை ஏழு மணிக்குக் குழாய் திறந்தால் ஊரே அங்கே நிற்கும்.

எனக்கு வேலை போடியில், தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். மாடியில் கூடம், கீழே ஏலக்காய் குடோன். பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள், வாசம் படியேறி வந்துவிடும். முதல் தடவை வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, கோயிலுக்குள் வந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். நல்ல வாசம்தான். என் வழக்கு முழுவதும் அந்த வாசத்தில்தான் தொடங்குகிறது.

என் சோலி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கடுகைப் பொடித்து, அதை ஆயிரம் பங்காக்கி, ஒரு பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் உங்கள் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. எங்கள் மெஷினுக்குத் தெரியும். ஆனால் மெஷின் தண்ணீரைக் குடிக்காது. தண்ணீரில் இருக்கும் பூச்சிமருந்தை மட்டும் தனியாக இழுத்து அதன் வாயில் ஊட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை, கீழே திருகு வைத்த கண்ணாடிப் புனலில் ஊற்றி, தண்ணீரோடு சேராத ஒரு கரைப்பானைக் கலந்து, இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். நடுநடுவே தலைகீழாகப் பிடித்துத் திருகைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று போகும். பிறகு அசையாமல் நிறுத்தினால் கரைப்பான் மருந்தையெல்லாம் வாரிக்கொண்டு அடியில் போய் உட்காரும். அதை மட்டும் இறக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. இறக்கியதை வெந்நீர்த் தொட்டியில் சுழலவிட்டுச் சுண்டவைத்தால் கடைசியில் ஒரு மில்லி நிற்கும். ஒரு லிட்டரில் இருந்ததெல்லாம் அந்த ஒரு மில்லியில்.

இதற்கு நடுங்காத கை வேண்டும். என் கை நடுங்காது. எங்கள் கூடத்தின் தலைவர் அன்புச்செல்வன் சார், பார்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் என் கையைத்தான் காட்டுவார்.

சோதனைக்கு வரும் ஒவ்வொரு தண்ணீர் மாதிரியோடும் கூடவே வெறுந்தண்ணீர் ஒரு லிட்டரையும் அதே பாடு படுத்த வேண்டும். வெறுந்தண்ணீர் என்றால் கூடத்திலேயே காய்ச்சி வடித்த, ஒன்றுமே கலக்காத தண்ணீர். அதிலும் ஏதாவது தெரிந்தால் அது எங்கள் புனலின் அழுக்கு, எங்கள் காற்றின் அழுக்கு என்று அர்த்தம். மாதிரியில் வந்ததிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். மற்ற ஊர்களில் வெறுந்தண்ணீரின் வரைபடம் வெறும் கோடாக வரும். போடியில் அப்படி வராது. கீழேயிருந்து ஏறிவரும் ஏலக்காய் எண்ணெய் எங்கள் வடிகட்டும் பஞ்சில், ஈரம் எடுக்கும் உப்பில், கரைப்பானில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதையும் விடாமல் வரைந்து தள்ளும். தாள் முழுக்க முகடு முகடாக நிற்கும். ஜன்னலை அடைத்துப் பார்த்தோம், மூங்கில் தட்டி வைத்துப் பார்த்தோம், கடைசியில் அன்புச்செல்வன் சார் கம்ப்யூட்டரிலேயே ஏற்பாடு செய்துவிட்டார். வெறுந்தண்ணீரில் எது வந்தாலும் அது மாதிரியிலிருந்து தானாகக் கழிந்துவிடும். எங்களுக்குள் அதற்கு ஏலம் கழிக்கிறது என்று பெயர். பத்து வருடமாக ஏலம் கழிக்கிறோம். பத்து வருடமாக வெறுந்தண்ணீரின் தாளை யாரும் திறந்து பார்த்ததில்லை. அதில் ஏலக்காய்தானே இருக்கும்.

காய்ச்சி வடிக்கும் மெஷின் நாளைக்குப் பத்து லிட்டர் கொடுக்கும். அதில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கியது இன்வெர்ட்டர் பேட்டரிக்காக. இதில் குற்றமில்லை, கூடத்தில் எல்லோரும் எடுப்பார்கள். பேட்டரி எவ்வளவு குடிக்கும்? மீந்ததை ஒருநாள் முத்துப்பிரியா காப்பிக்கு வைத்துவிட்டாள். அந்த ருசி அன்றைக்கே பிடித்துப்போயிற்று. பிறகு கேன் பேட்டரிக்காக வரவில்லை.

இப்போது காளீஸ்வரி வருகிறாள். புகார் கொடுத்தவள் என்ற முறையில் உங்களுக்கு அவளைத் தெரியும். எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், நான் தங்கச்சி என்பேன். அவள் மகள் கார்த்திகாவும் என் மகள் சுஜிதாவும் ஒரே வகுப்பு. அப்போது ஒன்றாவது, இப்போது மூன்றாவது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் இரண்டரை லிட்டர் பிடிக்கும் பழுப்புக் கண்ணாடி பாட்டில் இரண்டில் ஊர்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவ்வளவு படியேறியும் மூச்சு வாங்காமல் பேசினாள்.

"அண்ணே, புள்ளைக கையெல்லாம் நடுங்குதுண்ணே. கண்ணுல தண்ணி வடியுது, தின்னதக் கக்குதுக. எம்மக பென்சிலப் புடிக்க மாட்டேங்குறா. தண்ணியப் பாத்துச் சொல்லுங்க. பிரசிடெண்டு ஒரு ரிப்போர்ட்டு கொண்டாங்குறாரு. ரிப்போர்ட்டு மட்டும் இருந்தா மறுநாளே லாரித் தண்ணி, மூணு மாசத்துல புது லைனு இழுத்துத் தர்றேங்குறாரு."

பஞ்சாயத்து பிரசிடெண்டு வெள்ளைத்துரை அப்படித்தான் சொல்லியிருந்தார். அவர் வாக்குத் தவற மாட்டார். ஆக, அந்தக் கிணற்றைப் பூட்டுவதற்கு ஒரே ஒரு தாள்தான் வேண்டியிருந்தது. அந்தத் தாளை எழுதுகிறவன் நான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் மச்சினிச்சி குடும்பம் வந்து தங்கியிருந்தது. வேளைக்கு எட்டு டம்ளர் காப்பி. காய்ச்சி வடித்த தண்ணீர் அத்தனையும் வீட்டுக்குப் போயிருந்தது. மாதிரியைப் புனலில் ஊற்றிவிட்டு வெறுந்தண்ணீருக்குத் திரும்பினால் கேன் காலி. சார் வேறு, வெரசா முடிப்பா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். பக்கத்தில் காளீஸ்வரி கொண்டுவந்த பாட்டிலில் மிச்சம் இருந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. வெறுந்தண்ணீரில் நாங்கள் பார்ப்பது ஏலக்காயைத்தானே, ஏலக்காய் எந்தத் தண்ணீரிலும் ஒட்டும் என்று நினைத்து அதையே ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டேன்.

அதே தண்ணீரிலிருந்து அதே தண்ணீரைக் கழித்தால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. இதைத் தயவுசெய்து கோடிட்டுக்கொள்ளுங்கள்: முதல் தடவை அது வெறும் கைமறதி. மெஷின் ஒன்றுமில்லை என்றது. நானும் ஒன்றுமில்லை என்று எழுதினேன். 'கண்டறியப்படவில்லை' என்பதுதான் அதற்கான சொல்.

ஊரில் அதை எப்படிக் கொண்டாடினார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் மருந்து என்று புரளி கிளம்பி, மூங்கிலோடைக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்ற அளவுக்கு வந்திருந்தது. கிராமசபைக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தார்கள். வெள்ளைத்துரை என் தோளில் துண்டு போட்டார்.

"நம்ம மாப்ள படிச்சவரு. மிஷின்ல பாத்துச் சொல்லிட்டாரு. இனிமே எவனாச்சும் நம்ம தண்ணியப் பத்தி வாயத் தொறந்தான்னா என்னயக் கேளு."

கைதட்டினார்கள். அப்போது எனக்குக் கண் கலங்கியது, ஒளிப்பானேன். பதினெட்டு வருட வேலையில் என் கையெழுத்துக்கு யாரும் கைதட்டியதில்லை. அந்தத் துண்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

காளீஸ்வரி மட்டும் கைதட்டவில்லை. ஆறு மாதம் கழித்து, ஐப்பசி மழைக்குப் பின்னால், மறுபடி இரண்டு பாட்டிலோடு வந்தாள். அன்றைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் நிறைய இருந்தது. முறைப்படி வெறுந்தண்ணீர் வைத்தேன், முறைப்படி ஏலம் கழித்தேன். திரையில் ஏலக்காயெல்லாம் மறைந்தபின் ஒரே ஒரு முகடு நின்றது. தோட்டத்தில் அடிக்கிற பூச்சிமருந்து, அனுமதித்த அளவைப்போல் நாலு மடங்கு.

நான் பதறவில்லை. கீழே போய் ஒரு டீ குடித்தேன். திரும்ப வந்து பார்த்தபோதும் அது அப்படியே நின்றது.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் தவறாக எடை போடுவீர்கள். பயந்துவிட்டான் என்பீர்கள். பயம் என்ன இருக்கிறது? நாலு மடங்கு என்று எழுதினால் போன தடவை எப்படி ஒன்றுமில்லை என்று கேட்பார்கள். வெறுந்தண்ணீர்ப் பதிவேட்டை எடுப்பார்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் எங்கே போனது என்று காப்பி வரைக்கும் வருவார்கள். அதெல்லாம்கூடச் சின்ன விஷயம். வெள்ளைத்துரை போட்ட துண்டை நான் என்ன செய்வது? கைதட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஓர் ஊர் முழுக்க ஒருவனை நம்பி நிம்மதியாக இருக்கும்போது, அந்த நிம்மதியைக் கெடுப்பதுதான் எனக்குப் பெரிய பாவமாகப் பட்டது.

அதோடு விஞ்ஞானத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு முடிவு ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் மூன்றாவது தடவை செய்து பார்க்க வேண்டும். செய்தேன். மாதிரியும் காளீஸ்வரியின் பாட்டில், வெறுந்தண்ணீரும் காளீஸ்வரியின் பாட்டில். ஒன்றுமில்லை என்று வந்தது. மூன்றில் இரண்டு ஒன்றுமில்லை. பெரும்பான்மையை எழுதினேன்.

புகாரில் நான் அறிக்கையின் எண்களைத் திருத்தியதாகக் கண்டிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ஒரு எண்ணைக்கூட நான் தொட்டதில்லை. மெஷின் சொன்னதைத்தான் எழுதினேன். அன்றிலிருந்து எல்லா ஊர் மாதிரிக்கும் இதே முறைதான். தேவாரம் பக்கத்திலிருந்து வந்த பாட்டில்களுக்கும் சேர்த்து. ஒருவருக்கு ஒரு முறை, இன்னொருவருக்கு ஒரு முறை என்று நான் பாரபட்சம் காட்டியதில்லை. எந்தத் தண்ணீரும் சுத்தமாகவே வந்ததால் வேலையும் சீக்கிரம் முடிந்தது. அன்புச்செல்வன் சார் இதில் சம்பந்தப்படவில்லை. அவருக்குத் திரையில் வெறும் கோடு தெரிந்தால் போதும், ஏலம் நல்லா கழியுதுப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வீட்டுக்கு ஐந்து லிட்டர் கேனுக்குப் பதில் இருபது லிட்டர் கேன் வாங்கியது அந்த வாரம்தான். கூடத்தில் இன்னொரு வடிமெஷினும் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வெறுந்தண்ணீர் செலவு கூடிவிட்டது என்று காரணம் காட்டினேன், உடனே வந்தது.

கேனைப் பார்த்து முத்துப்பிரியா இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, காப்பிக்கு எதுக்கு இம்புட்டு?"

"காப்பிக்கு மட்டுமில்ல. சோறு, கொழம்பு, பாப்பா ஸ்கூலுக்குக் கொண்டுபோற பாட்டிலு, எல்லாத்துக்கும் இதயே வச்சுக்க."

"ஊருத் தண்ணிக்கு என்ன கொறச்சல்? நீங்கதான நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல. இது கொஞ்சம் கூடுதல் சுத்தம், அம்புட்டுதான்."

அவள் கேனை மூலையில் தள்ளி வைத்தாள். நல்ல மனுஷி. அவளுக்கு எதுவும் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது அறிக்கைக்குப் பிறகு ஊர் காளீஸ்வரியைக் கேலி பேசத் தொடங்கியது. குழாயடியில் அவள் குடம் வைத்தால், டீச்சர் மிஷின் கொண்டாந்திருக்கியா என்பார்கள். அவளுக்குக் கிறுக்கு என்று அவள் கொழுந்தனே சொன்னான். எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வரச்சொல்லி ஆறுதல் சொன்னேன். முத்துப்பிரியா காப்பி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அழுதாள்.

"ஒங்க வீட்டுக் காப்பி மட்டும் எப்படிண்ணே இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். எல்லாம் முத்துப்பிரியா கைப்பக்குவம் என்றேன்.

போன கோடையில் காளீஸ்வரிக்குத் தேனியில் பன்னிரண்டு நாள் பயிற்சி வந்தது. கார்த்திகாவை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து தின்று, சேர்ந்து தூங்கி, ஒரே கேன் தண்ணீரைக் குடித்தன. கார்த்திகா முதல்நாளே சொன்னாள், "மாமா, ஒங்க வீட்டுத் தண்ணி நாக்குல அரிக்கல." பிள்ளைகளுக்கு நாக்கு கூர்மை. மெஷின் தேவையில்லை.

பொழுதுபோகட்டும் என்று இரண்டு பேருக்கும் ரெட்டைக்கோட்டு நோட்டில் தினம் ஒரு பக்கம் எழுதக் கொடுத்தேன். கார்த்திகாவின் முதல் பக்கத்தில் எழுத்தெல்லாம் கோட்டுக்கு வெளியே கிடந்தது. ஐந்தாம் நாள் கோட்டைத் தொட்டது. பன்னிரண்டாம் நாள் கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது, என் மகள் எழுத்தைவிட அழகு. அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மூன்று நட்சத்திரம் போட்டேன்.

காளீஸ்வரி திரும்பி வந்து நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், மறுபடி முதல் பக்கம்.

"அண்ணே, எம்புள்ளைக்கு இங்க என்ன குடுத்தீங்க?"

"அன்புதான் தங்கச்சி, வேறென்ன," என்றேன்.

முத்துப்பிரியா சிரித்துக்கொண்டே, "எல்லாம் இவரு போடியிலருந்து சுமந்துட்டு வர்ற தண்ணிதான். வேறென்னத்தக் குடுத்தேன்," என்றாள். நான் பேச்சை மாற்றினேன். காளீஸ்வரி சிரிக்கவில்லை. மூலையில் இருந்த கேனைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகும் கார்த்திகா சாயங்காலம் விளையாட வருவாள், வந்ததும் தண்ணீர் கேட்பாள். கேட்டால் கொடுக்கலாம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து இன்னொரு பிள்ளைக்கு இல்லை என்பது சரியா? அதுவும் அவள் எழுத்து நேரானால் அவள் அம்மாவுக்கு இல்லாத சந்தேகமெல்லாம் வரும், ஊர் நிம்மதி போகும். யோசித்து ஒரு வழி கண்டேன். வாசலில் வருகிறவர்களுக்கென்று ஓர் எவர்சில்வர் பானை வைத்தேன். தெருக்குழாய்த் தண்ணீர். நாக்கில் அரிப்பது தெரியாமலிருக்க, இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன். கேனைச் சமையலறைக்குள் வைத்து, அதிலிருந்து வெளிப்பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று முத்துப்பிரியாவிடம் சொன்னேன்.

கார்த்திகாவுக்கு ஏலக்காய்த் தண்ணீர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு டம்ளர் குடிப்பாள். நானே மொண்டு கொடுத்திருக்கிறேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பாள், ஒரு கையால் பிடித்தால் சிந்தும். ஒரு மாதத்தில் எழுத்து மறுபடி கோட்டை விட்டு வெளியே போய்விட்டது. நட்சத்திரம் போடுவதை நான் நிறுத்தவில்லை. பிள்ளை மனசு ஒடியக் கூடாது.

மூன்றாவது தடவை பாட்டில் வந்தது போன மாதம். இந்தத் தடவை காளீஸ்வரி பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மூடியில் அரக்கு வைத்து, அதன்மேல் ஒட்டிய தாளில் வெள்ளைத்துரையே கையெழுத்துப் போட்டிருந்தார். பிரசிடெண்டு நம்மை மதித்து நேரடியாக அனுப்பியிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அரக்கை உடைத்துத் திறந்ததும் வாடை வந்தது. ஏலக்காய் வாசத்தையும் மீறிக்கொண்டு, மருந்தடிக்கிற தோட்டத்துக்குள் நடந்து போகிற வாடை. புனலில் ஊற்றினால் தண்ணீர் லேசாகப் பால் நிறம் காட்டியது. குலுக்கும்போது என் கண்ணே எரிந்தது. பதினெட்டு வருடத்தில் அப்படியொரு மாதிரியை நான் கண்டதில்லை. அந்தப் பாட்டிலிலேயே மிச்சமிருந்ததை வெறுந்தண்ணீராக வைத்தேன். மெஷினில் முகடு தாளின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. வெறுந்தண்ணீரிலும் தாண்டிப் போய்விட்டது. கழித்தது. ஒன்றுமில்லை. 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்ன நடந்தது என்று உங்கள் மேசைமேல் இருக்கும் வீடியோவில்தான் நானும் பார்த்தேன். காளீஸ்வரி வெள்ளைத்துரை வீட்டு முற்றத்தில் நிற்கிறாள். குழாய்த் தண்ணீர் பிடித்த குடத்தில், எல்லோரும் பார்க்க, ஏலத்துக்கு அடிக்கிற மருந்தை ஒரு மூடி ஊற்றுகிறாள். வெள்ளைத்துரை சிரிக்கிறார்.

"இது என்ன ஆத்தா வெளையாட்டு? மருந்த நீயே ஊத்தி நீயே பாக்கச் சொல்றியா?"

"ஆமா அப்பு. ஊத்துனது இருக்குன்னு சொல்லிட்டாருன்னா எனக்குத்தான் கிறுக்கு. ஊரு கால்ல விழுந்துட்டுப் போறேன். இல்லைன்னு சொன்னாருன்னா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனா கேட்கிறார். இரண்டு பாட்டில் நிரப்புகிறார்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று மதுரையில் ஒரு கூடத்துக்கு. அவர்கள் பாட்டிலைத் திறந்த உடனே போனில் கூப்பிட்டு, இதை யாராவது குடித்துவிட்டார்களா என்று கேட்டார்களாம்.

கெட்டிக்காரி. என் வேலையில் அதற்குப் பெயர் உண்டு. தெரிந்த அளவு மருந்தை நாமே கலந்து, செய்கிறவன் அதைக் கண்டுபிடிக்கிறானா என்று பார்ப்பது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் யாரும் சொல்லித்தராமல் செய்திருக்கிறாள். என்மேல் கோபமாக இருப்பாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியைத்தான் மூன்று தடவை கேட்டீர்கள். அந்த வாடை வந்தபோது, அவள் மருந்து கலந்தது எனக்குத் தெரியுமா என்று. தெரியாது. அது மூங்கிலோடைக் குழாயில் அன்று காலை வந்த தண்ணீர் என்றுதான் நினைத்தேன். தோட்டத்துக்காரர்கள் இந்தத் தடவை அதிகமாக அடித்துவிட்டார்கள், ஊர் முழுக்க இதைத்தான் குடிக்கிறது, கார்த்திகா இதைத்தான் இரண்டு டம்ளர் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் பைக்கில் ஒன்றுக்கு இரண்டாகக் கேன் கட்டிக்கொண்டு போனேன். ஆமாம், ஒப்புக்கொள்கிறேன்.

சின்னத் திருத்தம் ஒன்று. புகாரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பதினான்கு என்று எழுதியிருக்கிறது. பதின்மூன்றுதான், ஒரு பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது. கார்த்திகாவைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், நரம்பு முழுக்கச் சரியாகுமா என்று டாக்டர் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கையில் ஊசி போடும்போது விலகாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவளுக்குக் கை ஓரிடத்தில் நிற்காது. மூங்கிலோடையில் அந்த வயதில் நடுங்காத பிள்ளை என் மகள் ஒருத்திதான். அதற்காக ஊரார் என் வீட்டு வாசலில் நின்று ஏசுகிறார்கள் என்று முத்துப்பிரியா அழுதாள். ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதில் என்ன தவறு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் பெரிதாக ஆபத்து எதுவும் இருந்ததாக நான் ஒருநாளும் நம்பியதில்லை.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வேண்டுகோள். ஊருக்கு லாரித் தண்ணீர் நாளை மறுநாள்தான் வருமென்று வாசலில் நிற்கிற காவலர் சொன்னார். எங்கள் கூடத்துக்குச் சீல் வைத்துவிட்டீர்கள். உள்ளே, ஜன்னலோரம், காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன் நிரம்பி நிற்கிறது. அதை மட்டும் எடுத்து என் வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். சுஜிதாவுக்கு ஊர்த் தண்ணீர் குடித்துப் பழக்கமில்லை.